சுருக்கம் சேர்த்த தூரம்

என் அக்கா கற்பகத்தின் கணவர் அருணகிரியால் ஒரு கணக்கை இருக்கிறபடி விட்டுவைக்க முடியாது. மேலே கொஞ்சம் சேர்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஆறு மணி பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கே பழைய பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார். தான் நிற்பதோடு விடமாட்டார், கூட வருகிறவர்களையும் நிற்க வைப்பார். டாக்டர் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று சொன்னால் வீட்டில் வந்து பத்து நாள் என்று சொல்லுவார். அந்தப் பத்து நாளும் படுத்துக்கொண்டிருப்பார்.

எல்லாம் தொழிலால் வந்தது. அவர் ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரி. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் சில வீடுகளுக்கு நூல் கொடுத்து, சேலையாக நெய்து வாங்குகிறவர். நீளவாக்கில் ஓடும் பாவு இழை தறியில் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போவதால், நெய்து முடித்ததும் நீளம் குறைந்துவிடும். அந்தக் குறைச்சலைத்தான் சுருக்கம் என்பார்கள். அதற்காக முதலிலேயே கொஞ்சம் கூட்டிப் பாவு ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் முந்தானைக்கு நீளம் போதாமல் இடிக்கும். சேலைக்கு இது சரி. இந்த மனிதர் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் சுருக்கம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

சிவகுமாருக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்லுவார்கள். அவர்கள் யாருக்கும் அருணகிரி மாமன் முறை இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் நான் காந்தி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நான்கு கம்ப்யூட்டர், அதில் மூன்று ஓடும். ஒரு நாள் மத்தியானம் மாமா வந்து, செருப்பை வாசலில் கழற்றி விட்டு, ஓடாத கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"மாப்ள, மீனம்பாக்கத்துலேர்ந்து நியூவார்க் எவ்ளோ தூரம்னு பாரு."

"எதுக்கு மாமா?"

"சுகன்யாவுக்கு வந்துகீதே எடம், அந்தப் பையன் அங்கதான் கீறானாம்."

சுகன்யா அவருடைய ஒரே மகள். வேலூரில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பையன் சரவணன், வந்தவாசிக் குடும்பம், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. லீவில் வந்து பெண் பார்த்துவிட்டு வந்தவாசியில் இருந்தான். பையனுக்கு லீவு அடுத்த மாசத்தோடு முடிகிறது, சரி, இல்லை என்று ஒரு பதில் சொல்லுங்கள் என்று அவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுகன்யாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை அவள் ஒளித்துப் பேசவில்லை. "எனக்குப் பிடிச்சிருக்குதும்மா, அப்பா கிட்ட சொல்லு" என்று நான் இருக்கும்போதே அக்காவிடம் சொன்னவள். மாமா ஒத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அவர் தூரத்தைக் கேட்டுக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் நடுவில் உள்ள பறக்கும் தூரத்தைச் சொல்லுகிற பக்கம் ஒன்று இருந்தது. அது திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். குடித்துவிட்டு வந்தோம். பதிமூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. கீழே உலகப் படத்தில் ஒரு சிவப்புக் கோடு சென்னையில் கிளம்பி, வடக்கே ஏறி, ருஷ்யாவைத் தாண்டி, பனிக்கடல் வழியாக அமெரிக்காவின் தலையில் போய் இறங்கியது.

"இன்னா மாப்ள, கோணிகினு போவுது. நேரா போவாதா?"

"இதான் மாமா நேர் வழி. உலகம் உருண்டை."

"உருண்டையா இருந்தா? போளூர் போறவன் வேலூர் போயிட்டா போவான்?"

அரை மணி நேரம் விளக்கினேன். ஒரு காகிதத்தைச் சுருட்டிக்கூடக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, வீட்டுக்கு வா" என்றார்.

வீட்டில் சுகன்யா பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய உலக உருண்டை ஒன்று டி.வி. மேல் இருந்தது. மாமா அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பட்டு இழையை எடுத்து, ஒரு முனையைச் சென்னையில் என் விரலால் அழுத்தச் சொல்லி, மறு முனையை நியூவார்க்கில் வைத்து இழுத்தார். இழை இந்துமாக்கடல் பக்கமே போகவில்லை. வழுக்கிக்கொண்டு மேலே ஏறி ருஷ்யா மேல் போய் நின்றது. இரண்டாம் தடவையும் அப்படியே செய்தது.

"நூல் ஒத்துக்கிச்சு. அப்ப சரிதான்" என்றார் மாமா.

கம்ப்யூட்டர் சொன்னபோது இந்த ஆளுக்கு அது சரியாகப் படவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இழையை உருண்டையின் இடுப்புக் கோட்டில், நாற்பதாயிரம் கிலோமீட்டர் பூமத்திய ரேகையில், வைத்துப் பார்த்தால், கணக்கு கிட்டத்தட்ட அந்தப் பதிமூன்றாயிரத்தில்தான் வந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் மனிதர். நிறுத்தவில்லை.

"இப்ப சுருக்கம் சேக்கணும்" என்றார்.

"பிளேனுக்கு எதுக்கு மாமா சுருக்கம்?"

"ஏறி எறங்குது இல்ல? பாவு இழையும் ஏறி எறங்கித்தான போவுது. ஏறி எறங்கினா நீளம் கேக்கும்." இழையைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்தார். "நடுவுல ஜெர்மனில எறங்கி வேற பிளேன் மாறணும்னாங்க. அது பழைய பாவோட புதுப் பாவப் பிணைக்கற எடம் மாதிரி. அங்க ஒரு நாலு விரல் விடணும்."

அந்த உருண்டையில் நாலு விரல் என்பது ஏறக்குறைய இந்தியா. போக ஒரு இந்தியா, வர ஒரு இந்தியா. அக்கா தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

தூரத்தை நேரமாக மாற்றி, அதற்கும் ஒரு சுருக்கம் சேர்த்து, மாமா தீர்ப்புச் சொன்னார். "அவ அங்கேர்ந்து கெளம்பினா இங்க வந்து சேர மூணு நாள் ஆவும்."

"ஒன்னேகால் நாள் மாமா. நாலு பேரக் கேட்டுட்டேன்."

"உன் கணக்குல சுருக்கம் இல்ல. மூணு நாள் யாரும் வெச்சிருக்க மாட்டாங்க. இந்த எடம் வேணாம்."

எதை வைத்திருக்க மாட்டார்கள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். தான் செத்துப்போனால், எடுப்பதற்கு முன்னால் மகள் வந்து முகம் பார்க்க வேண்டும். அந்தத் தூரத்துக்குள் இருக்கிற மாப்பிள்ளைதான் அவருக்கு வேண்டும். வெம்பாக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது, நல்ல இடம் என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தார். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "பஸ் வசதி நல்லா கீது" என்றார்.

சுகன்யா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "மாமா, எங்கப்பா எனக்கு மாப்ள பாக்கல. அவரு பொணத்துக்கு ஆள் பாத்துகினு கீறாரு."

"வாய்ல நல்ல வார்த்தையே வராதாடி உனக்கு" என்று அக்கா அதட்டினாள். ஆனால் சத்தமாக அதட்டவில்லை. சுகன்யா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. மாமா இழையைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாமாவுக்கு இந்தப் பயம் ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயிலில், அவருடைய அம்மா கெங்கம்மாள் காலமானார். மாமாவுக்கு ஒரே தங்கை, தனகோடி. கல்யாணமாகி பம்பாய்க்குப் பக்கத்தில் பிவண்டியில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் அங்கே விசைத்தறி போட்டிருந்தார். சேதி போனதும் அவள் ரயில் ஏறிவிட்டாள். அந்தக் காலத்தில் ஆரணியில் ஐஸ் பெட்டி கிடையாது. ஐஸ் பாளம் வாங்கி அடுக்கி ஒரு ராத்திரியைத் தாட்டினோம். மறுநாள் மத்தியானம் பெரியவர்கள், இனிமேல் தாங்காது, உன் தங்கச்சி எப்போது வருவாள் என்று மாமாவைக் கேட்டார்கள்.

மாமா கணக்குப் போட்டார். ரயில் லேட்டாகும் என்று கொஞ்சம் சேர்த்தார். மெட்ராசில் பஸ் கிடைக்காது என்று கொஞ்சம் சேர்த்தார். வழியில் டயர் பஞ்சர் ஆகும் என்றுகூடச் சேர்த்திருப்பார். நாளை விடியற்காலைதான் வருவாள் என்று சொன்னார். அப்படியானால் எடுத்துவிடலாம் என்று நாலு மணிக்கு எடுத்தோம்.

ஆற்றங்கரையில் காரியம் முடித்து, குளித்து, ஈர வேட்டியோடு திரும்பி வந்தபோது தெரு முனையில் ஒரு கார் வந்து நின்றது. தனகோடி இறங்கினாள். அரக்குச் சேலை கட்டியிருந்தாள். ரயில் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது. அவள் மெட்ராஸ் வரைக்கும் போகாமல் அரக்கோணத்திலேயே இறங்கி, கார் பிடித்து வந்துவிட்டாள். தெருவெல்லாம் பூ கிடந்தது. பூவைப் பார்த்தாள். எங்கள் ஈர வேட்டியைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் வெச்சிருக்கக் கூடாதாண்ணா" என்றாள்.

"நீ விடிகாலைலதான் வருவேன்னு கணக்குப் போட்டேம்மா."

"நீ போடுவ" என்றாள் தனகோடி. அவ்வளவுதான். வீட்டுக்குள் கால் வைக்காமல் அதே காரில் ஏறித் திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அவள் வந்ததில்லை. மாமாவும் போய்ப் பார்க்கவில்லை. போக வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லுவார்.

இந்த எடம் வேணாம் என்று சொன்ன அந்த வாரமே பிவண்டியிலிருந்து போன் வந்தது. பொழுது விடிந்த நேரம். அக்கா கூப்பிட்டு அனுப்பினாள், நான் ஓடினேன். தனகோடி காலமாகிவிட்டாள். நெஞ்சு வலி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். பேசியது அவள் மகன் குப்புராஜ். நான் உள்ளே நுழைந்தபோது மாமா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"இங்கேர்ந்து மெட்ராஸ் போவணும், பிளேன்ல எடம் கெடைக்கணும், அது லேட்டாவும், அங்க எறங்கி வேற பேஜாரு. நாளைக்கு மத்தியானம் ஆயிடும் ராஜு. எனக்காக வெக்காதீங்க. இன்னைக்கே எடுத்துடுங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ ஒரு புதுச்சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். கோடி போடுவது என்பார்கள். அது இல்லாமல் அவளை எடுத்தால் நாதியற்றவளை எடுத்ததாகத்தான் அர்த்தம்.

"ஊருக்கெல்லாம் பட்டு விக்கறீங்க மாமா" என்றேன். "கூடப் பொறந்தவளுக்குக் கோடி போடாம எடுக்கச் சொல்றீங்களே."

"போய்ச் சேர முடியாது மாப்ள. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"நீங்க போட்ட கணக்கு போதும். பம்பாய் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ரெண்டு மணி நேரம்கூட ஆவாது. எழுந்திரிங்க."

அவர் எழுந்து நின்றார். நான் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. குப்புராஜுக்குச் சொல்லிவிடலாம் என்று திரும்பத் திரும்பப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. மாமா பீரோவைத் திறந்து சேலைகளைப் புரட்ட ஆரம்பித்தார். ஒன்றை எடுப்பார், பிரிப்பார், கரையைத் தடவுவார், மடித்து வைப்பார். வாசலில் டாக்சி வந்து நின்றாயிற்று. "ஜல்தியா எடுங்களேன்" என்று அக்கா அழுதாள். சுகன்யா வந்து அவர் கையை விலக்கி, ஒரு சேலையை உருவினாள்.

"அரக்கு எடுத்துகினு போங்கப்பா. அத்தை அன்னைக்கு அரக்குதான் கட்டிகினு வந்துச்சு."

சென்னை போகும் வழியெல்லாம் மாமா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏர்போர்ட் கவுன்டரில் இரண்டு சீட் கிடைத்தது. அது கிடைக்காது என்று சேர்த்திருந்தாரே, அந்த நேரம் கணக்கிலிருந்து கழிந்தது. விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. அதுவும் கழிந்தது. அவர் சேலைப் பையை மடியில் வைத்து, அதன் மேலேயே பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். மேலே போனதும் பைலட் ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

"இன்னும் எவ்ளோ தூரம்னு சொல்றாரு மாமா."

"ஏறி எறங்கறத சேத்துச் சொல்றாரா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பத்து நிமிஷம் முன்னதாகவே பம்பாயில் இறக்கிவிட்டார்கள். மாமா கைக்கடிகாரத்தை ஆட்டிப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். டாக்சியில் போகும்போது ஒரே ஒரு தடவை, "எடுத்திருப்பாங்க மாப்ள, நான்தான எடுக்கச் சொன்னேன்" என்றார். எடுத்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இருந்தால் இந்த மனிதரை எப்படித் திரும்பக் கூட்டிக்கொண்டு போவது என்று பயமாக இருந்தது.

பிவண்டி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க விசைத்தறிச் சத்தம். தனகோடி வீட்டுத் தெருவில் மட்டும் நிறுத்தியிருந்தார்கள். தெரு முனையில் இறங்கியதும் மாமா வீட்டைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். தெரு முழுக்கத் தேடினார். பூ இல்லை. சுத்தமாக இருந்தது தெரு. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த இடம் மறுநாள் வரைக்கும் வலித்தது.

வாசலில் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நேரமாயிற்று என்று முணுமுணுக்கிற மாதிரித் தெரியவில்லை. குப்புராஜ் எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்தான். உள்ளே ஐஸ் பெட்டியில் தனகோடி இருந்தாள்.

"எடுத்துடச் சொன்னேனே ராஜு" என்றார் மாமா.

"சொன்னீங்க மாமா."

"அப்பறம் ஏன் வெச்சிருக்கீங்க?"

"ஆஸ்பத்திரில கீறப்பவே அம்மா சொல்லிச்சு மாமா. எனக்கு எதுனா ஆச்சுன்னா உங்க மாமாவுக்குப் போன் போடு. நாளைக்குத்தான் வர முடியும், எடுத்துடுங்கன்னு சொல்லும். நம்பாத. எங்க அண்ணன் எல்லாத்துக்கும் சுருக்கம் சேத்துதான் சொல்லும். அன்னைக்கே வந்துடும். வர வரைக்கும் வெச்சிருன்னு சொல்லிச்சு."

பெட்டியைத் திறந்தார்கள். அவர் சேலையைப் பிரித்துத் தங்கையின் மேல் போர்த்தினார். கடையில் வாடிக்கைக்காரர்களுக்கு விரித்துக் காட்டுவாரே, அதே மாதிரி ஓரத்தை நீவி, மடிப்பை எடுத்து, முந்தானையைச் சரிசெய்தார். பிறகு பெட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அம்மாவுக்குக்கூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. அந்தப் பெண்ணை வாழ்நாளில் ஐந்தாறு முறைதான் பார்த்திருப்பேன். அண்ணனை மன்னிப்பதற்கு அவள் நல்லவளாக இருந்தால் மட்டும் போதாது, அவனை அவ்வளவு நன்றாகத் தெரிந்தும் இருக்க வேண்டும்.

மாமா மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அன்றைக்குப் போய்விட்டது. ஊர் திரும்பும்போது ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே என்னைப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்தார். அப்போது பாதி திரும்பி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம் சென்டருக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டார். ஓடாத கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"நியூவார்க்லேர்ந்து மீனம்பாக்கம் எவ்ளோ தூரம்னு பாரு."

"அதான் பாத்தோமே மாமா."

"அது இங்கேர்ந்து அங்க. இப்ப அங்கேர்ந்து இங்க பாரு."

பெயர்களை மாற்றிப் போட்டேன். பக்கம் திறப்பதற்குள் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்தோம். அதே பதிமூன்றாயிரத்துச் சொச்சம். அதே சிவப்புக் கோடு.

"ஒண்ணுதான் மாமா."

கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும். சாவுன்னதும் அவங்களும் காத்துகினுதான் கீறாங்க, வேணாம்னு நான் இன்னும் சொல்லல. வந்தவாசிக்குப் போன் பண்ணிச் சரின்னு சொல்லிடு" என்றார். நான் போனை எடுத்தேன். "இரு. உன் கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்கக்கா கிட்ட சொன்னா அழுவா."

"சொல்லுங்க மாமா."

"நான் போய்ட்டா சுகன்யாவுக்கு நீதான் போன் போடுவ. நாளன்னைக்குத்தான் வர முடியும், எடுத்துடுங்கன்னு சொல்லுவா. என் பொண்ணு இல்லியா, சேத்துதான் சொல்லுவா. நம்பாத. வர வரைக்கும் வெச்சிரு."

சரி மாமா என்றேன். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது நான்தான்.